‘தி ஹேங்கிங் கார்டன்’: கும்பல் சண்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கோப்பு

ஸ்கொட்லாந்து எழுத்தாளர் இயன் ரேங்கின், எடின்பரோப் பொலிஸ்காரர் ரீபஸை வைத்து எழுதிய வரிசையில் இது ஒன்பதாவது நாவல். 1998 இல் வந்தது. அதற்கு முதல் வருடம் வந்த ‘பிளாக் அண்ட் புளூ’ பிரித்தானியக் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கத்தின் தங்கக் குத்துவாள் விருதை வென்றதால், ரீபஸைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் தேடிப் போவார்கள். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்துகொண்டு இந்த வரிசையில் ஒரேயொரு நாவல்தான் வாசிக்க நேரமிருக்கிறது என்றால், அதை விட்டுவிட்டு இதை எடுங்கள். எழுத்து நேர்த்தியில் அது ஒரு படி மேல். ஆனால் எங்கள் பக்கத்து வாசகரைப் பிடித்து இருத்தி வைக்கும் விசயம் இதில்தான் இருக்கிறது.

கதையின் அடித்தளம் இது. எடின்பரோவின் பழைய தாதா ‘பிக் ஜெர்’ கஃபர்ட்டி, கிளாஸ்கோவில் உள்ள பார்லினி சிறையில் இருக்கிறான். அவன் விட்டுப்போன இடத்தைப் பிடிக்க, பெய்ஸ்லியிலிருந்து டொமி டெல்ஃபோர்ட் என்றொரு இளந்தாரி வந்து இறங்குகிறான். டெல்ஃபோர்டுக்குப் பின்னால் நியூகாசிலில் இருந்து தொழில் நடத்தும் தாரவிச், அவனுக்கும் அப்பால் ஜப்பானியப் பணம். டிடெக்டிவ் இன்ஸ்பெக்டர் ஜோன் ரீபஸுக்குத் தொடக்கத்தில் இந்தச் சண்டையில் வேலையில்லை. அவர் மேசையில் கிடப்பது வேறொரு கோப்பு: எடின்பரோவில் மரியாதையாக வாழ்ந்துவரும் ஜோசஃப் லின்ட்ஸ் என்ற முதியவர், 1944 இல் ஒரு பிரெஞ்சுக் கிராமத்தையே கொன்றழித்த நாஸி அதிகாரியா இல்லையா என்று கண்டறிவது. இதற்கிடையில் பொஸ்னியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு விபசாரத்தில் தள்ளப்பட்ட ஒரு பெண் ரீபஸின் கைக்கு வந்து சேருகிறாள். பிறகு அவருடைய மகள் சமியை ஒரு கார் மோதிவிட்டு நிற்காமல் போகிறது. மோதியவனைக் கண்டுபிடிக்க ரீபஸ் போய் நிற்பது சிறையில் இருக்கும் கஃபர்ட்டியின் முன்னால். அதற்குப் பிறகு நடப்பதை இங்கே சொல்லப் போவதில்லை.

கும்பல் பகுதியில் ரேங்கினின் பலம், சுடுவதையும் வெட்டுவதையும் விவரிப்பதில் இல்லை. ஒரு நகரம் எப்படிக் கைமாறுகிறது என்று காட்டுவதில் இருக்கிறது. புதிதாக வருகிறவன் நேரே தலைவனைத் தாக்குவதில்லை. இரவு விடுதி வாசலில் நிற்கும் காவலாளிகளை முதலில் தன் ஆட்களாக மாற்றுகிறான். வாசல் யார் கையில் இருக்கிறதோ அவன் சொல்லும் போதைப்பொருள்தான் உள்ளே விற்கும். அடுத்தது டாக்சிகள்: ஆளையும் சரக்கையும் சந்தேகமில்லாமல் நகர்த்த அதைவிட நல்ல வழி கிடையாது. பிறகு சூதாட்ட இயந்திரங்கள். சில்லறைக் காசு புழங்கும் இடத்தில் கறுப்புப் பணத்தைக் கலந்து கணக்குக் காட்டுவது லேசு. டெல்ஃபோர்ட் ஃபிளிண்ட் வீதியில் ஒரு விளையாட்டு இயந்திரக் கடையை மையமாக வைத்திருப்பதற்கு இதுதான் காரணம், அலங்காரத்துக்காக எழுதப்பட்டதல்ல. கப்பம், மணல், மதுபானசாலை அனுமதி என்று பணம் எந்த வழியால் போய் வருகிறது என்பதைக் கண்ணால் கண்ட ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதியை விளங்கிக்கொள்ள அகராதி வேண்டியதில்லை. தலைவன் சிறைக்குள் இருந்தபடியே வெளியில் ஆட்சி நடத்துவதும் எங்களுக்குப் புதினமில்லை. பூசா சிறையிலிருந்தும் துபாயிலிருந்தும் இயக்கப்படும் பாதாள உலகச் செய்திகளோடுதானே இந்த நாட்டில் பத்திரிகை விரிகிறது.

பொலிஸ் பக்கத்தையும் அதே கவனத்தோடு எழுதியிருக்கிறார். ஃபிளிண்ட் வீதியைக் கண்காணிப்பது ஸ்கொட்டிஷ் குற்றப் படைப்பிரிவு. கிளேவர்ஹவுஸ், ஓர்மிஸ்டன் என்ற இருவர் அதில் முக்கியம். ரீபஸோ செயின்ட் லியனார்ட்ஸ் நிலையத்துக்காரர். இரண்டு பகுதியும் ஒரே கும்பலைத் தொடுகின்றன, ஆனால் ஒருவர் அறிந்ததை மற்றவருக்குச் சொல்வதில்லை. கண்காணிப்பு நடவடிக்கை ஒன்று கெட்டுப்போவதற்கு உலகம் முழுக்க இதுதான் முதல் காரணம்: ஒரு பிரிவு பல வாரம் காத்திருந்து சேர்த்த தகவலை, இன்னொரு பிரிவின் ஆள் ஒரு நாள் அவசரப்பட்டு வாசலில் போய் நின்று குலைத்துவிடுவார். உள்ளூர்ப் பொலிஸ் நிலையம், விசேட அதிரடிப்படை, கொழும்பிலிருந்து வரும் சிஐடி என்று மூன்று தரப்பு ஒரே ஊரில் வேலை செய்ததைப் பார்த்தவர்கள், இந்த அத்தியாயங்களில் எழுத்தாளர் எதையும் மிகைப்படுத்தவில்லை என்று உடனே சொல்வார்கள்.

வாசிக்கும்போது சட்ட வேறுபாடுகளைக் கொஞ்சம் தெரிந்து வைத்திருந்தால் நாவலின் பாதி இறுக்கம் அங்கேதான் இருப்பது புரியும். ஸ்கொட்லாந்து இங்கிலாந்தின் சட்டத்தில் ஓடுவதில்லை, அதற்குத் தனிச் சட்டமுறை உண்டு. கதை நடக்கும் காலத்தில் அங்கே சந்தேக நபரை ஆறு மணித்தியாலம் மட்டுமே தடுத்து வைத்து விசாரிக்கலாம். அந்த ஆறு மணித்தியாலத்தில் சட்டத்தரணியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இருக்கவில்லை. 2010 இல் கடர் என்ற வழக்கில் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் அது மாறியது. ரீபஸ் விசாரணை அறையில் ஏன் இவ்வளவு பறக்கிறார், ஏன் வாயைக் கிளறுகிறார் என்பதற்கு விடை இந்த ஆறு மணித்தியாலம்தான். இலங்கையில் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 37 ஆம் பிரிவு பொலிஸுக்கு 24 மணித்தியாலம் கொடுக்கிறது. அதற்கு மேல் என்றால் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும்.

குற்ற ஒப்புதல் விசயத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. அங்கே பொலிஸாரிடம் நியாயமான முறையில் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லும். இங்கே சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு, பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பாவிக்க விடாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு அதற்கு ஒரு பெரிய ஓட்டை போட்டது: உதவி பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்ததென்றால் செல்லும். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 27 ஆம் பிரிவையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். சந்தேக நபரின் கூற்றை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், கூற்றின் அந்தப் பகுதி மட்டும் சான்றாகும். ஒளித்து வைத்த ஆயுதத்தைக் காட்டுவதற்கென்று சந்தேக நபரைக் கூட்டிப் போவதன் சட்டக் காரணம் இதுதான். கூட்டிப் போனவர் உயிரோடு திரும்பாத செய்திகளை எத்தனை தடவை வாசித்திருக்கிறோம். ரீபஸுக்கு அப்படியொரு குறுக்கு வழி கிடையாது. ஸ்கொட்லாந்துப் பொலிஸார் வழமையாகத் துப்பாக்கி கொண்டு திரிவதுமில்லை. அவர் எடுக்கும் குறுக்கு வழி ஒரு குற்றவாளியோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம். அது தன்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டுதான் அவர் பார்லினிக்குப் போகிறார். அந்தச் சந்திப்புத்தான் கும்பல் கதையின் உச்சம். இருவரும் குரலை உயர்த்துவதில்லை. கஃபர்ட்டி என்ன விலை கேட்கப் போகிறான் என்பதை மட்டும் ரேங்கின் தள்ளித் தள்ளி வைக்கிறார்.

ரீபஸ் என்ற மனிதரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குடியை விட்டிருக்கிறார், ஆனால் ஒவ்வொரு இரவும் அதை மறுபடி விட வேண்டியிருக்கிறது. மனைவி பிரிந்து போய்விட்டாள். பழைய இராணுவ வாழ்க்கை கனவில் வருகிறது. இப்படிப்பட்ட துப்பறிவாளர்களைக் குற்றப்புனைவில் தடுக்கி விழுமிடமெல்லாம் பார்க்கலாம். ஆனால் குடியை அழகாகக் காட்டும் ஆசை இந்த நாவலுக்கு இல்லை. நண்பர் ஜாக் மோர்ட்டன் அவரைத் தாங்கிப் பிடிப்பது, தொலைபேசியில் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொள்வது, மார்ச்மொன்ட் வீட்டில் கதிரையிலேயே தூங்கிப் போவது என்று நாளாந்த விபரமாக எழுதப்பட்டிருக்கிறது. மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது மதுச்சாலை வாசல் அவரை இழுக்கும் பக்கங்கள், குடிக்கு அடிமைப்பட்டவர்கள் உள்ள வீடுகளுக்கு நன்றாகவே விளங்கும். மட்டக்களப்பில் அப்படிப்பட்ட வீடுகளுக்குக் குறைவில்லை.

இனி அந்தப் பழைய கோப்பு. நாவலின் கிராமம் கற்பனைப் பெயர் கொண்டது. அதற்குப் பின்னால் உண்மையான ஒரு ஊர் இருக்கிறது: ஒராடூர் சுர் கிளான். 1944 ஜூன் 10 அன்று நாஸி எஸ்.எஸ். படையினர் அங்கே 640 க்கு மேற்பட்டோரைக் கொன்றார்கள். ஆண்களைக் களஞ்சியங்களுக்குள் அடைத்துச் சுட்டார்கள், பெண்களையும் பிள்ளைகளையும் தேவாலயத்துக்குள் வைத்து எரித்தார்கள். 1953 இல் பொர்தோவில் 21 பேர் மீது வழக்கு நடந்தது. தண்டனை பெற்றவர்களில் பிரான்ஸின் அல்சாஸ் பகுதிக்காரர்களுக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் சில நாட்களிலேயே மன்னிப்புக் கொடுத்தது. அந்தப் படைப்பிரிவின் தளபதி லாமர்டிங் ஒரு நாள்கூடப் பிரெஞ்சுச் சிறையில் இராமல் 1971 இல் ஜேர்மனியில் இறந்துபோனார். எடின்பரோவுக்கும் இப்படி ஒரு உண்மைக் கதை உண்டு. லிதுவேனியாவில் பொலிஸ் படையணியில் இருந்த அன்டன் கேகாஸ் போருக்குப் பின் அந்த நகரத்தில் குடியிருந்தார். தன்னைப் போர்க் குற்றவாளி என்று சொன்ன தொலைக்காட்சி நிறுவனத்தின் மீது அவர் போட்ட அவதூறு வழக்கில், 1992 இல் நீதிபதி அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தார். அப்படியிருந்தும் போதிய சான்று இல்லையென்று குற்றவியல் வழக்கு வரவேயில்லை. 2001 இல் அவரும் இறந்துபோனார்.

போதிய சான்று என்றால் ஸ்கொட்லாந்தில் என்ன? ஒவ்வொரு முக்கிய உண்மைக்கும் ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகள் வேண்டும். ஒரே சாட்சி எவ்வளவு நம்பத்தகுந்தவராக இருந்தாலும் அவரை மட்டும் வைத்து ஒருவரையும் தண்டிக்க முடியாது. விசாரணையைப் பொலிஸ் தன் விருப்பத்துக்கு நடத்தவும் முடியாது. ‘புரொக்கியூரேட்டர் ஃபிஸ்கல்’ என்ற வழக்குத் தொடுநர் மேலிருந்து வழிநடத்துவார். எங்கள் சட்டமா அதிபர் திணைக்களத்து அரச சட்டத்தரணி ஒருவர் முதல் நாளிலிருந்தே விசாரணைக்குப் பொறுப்பாக இருப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். ரீபஸ் லின்ட்ஸைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறார். பழைய புகைப்படங்கள், பெயர் மாற்றம், அயல்மொழி ஆவணங்கள் என்று கோப்பு தடிக்கிறது, ஆனால் இரண்டாவது சான்று எங்குமில்லை. அரைநூற்றாண்டு கழிந்தபின் முகத்தை அடையாளம் காட்ட ஆளில்லை. லின்ட்ஸ் மறுத்துக்கொண்டே நியாயம் பேசுகிறார். அவரோடு பேசும் காட்சிகளில் ரேங்கின் வாசகரை ஒரு பக்கமும் சாயவிடாமல் வைத்திருப்பது பெரிய வேலை. கும்பல் கதை ஓடுகிறது, இந்தக் கோப்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது. கும்பலைப் பிடிக்க வாகனம், ஆள், ஒலிப்பதிவுக் கருவி எல்லாம் இருக்கின்றன. ஒரு கிராமத்தின் சாவை விசாரிக்க ஒரு இன்ஸ்பெக்டரும் ஒரு மேசையும்.

இந்த இடத்தில்தான் நாவல் மட்டக்களப்பு வாசகரின் கையில் வேறு பாரம் பெறுகிறது. 1990 செப்டெம்பர் 9 அன்று சத்துருக்கொண்டான் இராணுவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் காயத்தோடு தப்பி வந்தவர் ஒருவர். கொல்லப்பட்டோர் 184 பேர் என்று பின்னர் வந்த ஆணைக்குழு பதிவு செய்தது. ஸ்கொட்லாந்துச் சட்டத்தில் அந்த ஒரு சாட்சி மட்டும் போதாது. இலங்கைச் சட்டத்தில் போதும்: எந்த உண்மையை நிரூபிக்கவும் இத்தனை சாட்சி வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134 ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. காலம் கடந்துவிட்டது என்ற பேச்சுக்கும் இடமில்லை. மற்றக் குற்றங்களுக்கு 20 வருட எல்லை இருந்தாலும், கொலைக்கும் இராஜத்துரோகத்துக்கும் எல்லை கிடையாது என்பது நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456 ஆம் பிரிவு. அதே 1990 இல் ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் புலிகளால் கொல்லப்பட்டார்கள். சாட்சிகள் ஊர் நிறைய இருந்தார்கள். அதற்கும் கொலை வழக்கு நடந்து முடிந்ததாக இல்லை. ஆக, லின்ட்ஸின் கோப்பு கடுமையான சட்டத்தில் முட்டி நிற்கிறது. எங்கள் கோப்புகளுக்கு அப்படியொரு சுவரே இல்லை, நடத்துவதற்கு மனம்தான் இருக்கவில்லை. நாவலை வாசித்து முடித்தபின் இந்த வித்தியாசம் நெஞ்சுக்குள் நின்று அரிக்கிறது.

வழக்கு வரை போனவையும் இருக்கின்றன. 1991 ஜூன் 12 கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுக் கொலைகளை விசாரித்த ஆணைக்குழு 67 பேர் கொல்லப்பட்டதாகக் கண்டது. இராணுவ நீதிமன்றம் பொறுப்பதிகாரியைப் படையினரைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்காகப் பதவி நீக்கியதோடு சரி, மற்ற 19 பேரும் விடுதலை. 1992 ஓகஸ்டில் மயிலந்தனையில் 35 பேர் கொல்லப்பட்ட வழக்கு மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவைக்கும் அங்கிருந்து கொழும்புக்கும் மாற்றப்பட்டது. 2002 இல் சிங்கள மொழி ஜூரி குற்றம்சாட்டப்பட்ட இராணுவத்தினரை விடுவித்தது. இங்கே ஜூரியில் ஏழு பேர், ஐந்துக்கு இரண்டு என்றால் தீர்ப்பு. ஸ்கொட்லாந்தில் பதினைந்து பேர். நாவலின் காலத்தில் எட்டுப் பேர் ஒத்துக்கொண்டால் போதும். ‘குற்றவாளி’, ‘குற்றவாளியல்ல’ என்ற இரண்டோடு ‘நிரூபிக்கப்படவில்லை’ என்ற மூன்றாவது தீர்ப்பும் அப்போது அங்கே இருந்தது. லின்ட்ஸ் கதைக்கு மேல் அந்த மூன்றாவது தீர்ப்பின் நிழல் கடைசிவரை கிடக்கிறது.

குறைகளுக்கு வருவோம், அவையும் கணக்க இருக்கின்றன. இழைகள் அளவுக்கு மிஞ்சிவிட்டன. கஃபர்ட்டி, டெல்ஃபோர்ட், தாரவிச், ஜப்பானியர், லின்ட்ஸ், சமி, பொஸ்னியப் பெண் என்று நாவலின் நடுப்பகுதியில் யார் யாருடைய ஆள் என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. யாக்குசா என்ற ஜப்பானியக் குற்றக் கும்பல்காரர்கள் கோல்ஃப் கழகத்தை வாங்க வரும் பகுதி தொண்ணூறுகளின் பத்திரிகைப் பயத்திலிருந்து வந்தது போலிருக்கிறது, உயிரில்லை. தாரவிச் வாய்திறக்கும் இடங்களில் நாவல் ஒரு படி இறங்கி, படத்து வில்லனைக் காட்டுகிறது. நாஸிகளை மேற்கு நாடுகளுக்குத் தப்பவைத்த இரகசிய வழி பற்றிய இழையைத் திறந்தவர் அதை அவசரமாக மூடிவிட்டார். இன்னும் இருபது பக்கம் அதற்குக் கொடுத்திருக்கலாம், ஜப்பானியருக்குக் கொடுத்ததில் வெட்டி.

எல்லாவற்றிலும் பெரிய குறை அந்தப் பொஸ்னியப் பெண். ‘கண்டிஸ்’ என்று அவளுக்குக் கும்பல் வைத்த பெயர்தான் பக்கமெல்லாம் வருகிறது. ரீபஸுக்குத் தன் மகளின் சாயல் அவளில் தெரிவதால் அவர் இரங்குகிறார். ஆனால் அவளாகப் பேசும் இடம் மிகச் சொற்பம், பேசுவதும் மொழிபெயர்ப்பவர் வாயால். வெளிநாட்டு வேலை என்று அனுப்பப்பட்டு வேறெங்கோ போய்ச் சிக்கியவர்கள் இருக்கும் கரையோரம் இது. அப்படிப்பட்டவர்களின் கடவுச்சீட்டை யார் பறித்து வைப்பது, கடன் எப்படி ஏறுகிறது, பொலிஸுக்கு ஏன் வாய்திறக்க மாட்டார்கள் என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கு, ரேங்கின் இந்தப் பெண்ணின் பக்கத்துக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகாமல் வந்துவிட்டார் என்றே படும்.

வாசிப்பதற்குச் சில யோசனைகள். ஆங்கிலம் கடினமில்லை, வாக்கியங்கள் குட்டையானவை, பாதிக்கு மேல் உரையாடல். ஸ்கொட்டிஷ் பேச்சுச் சொற்கள்தான் தொடக்கத்தில் தடுக்கும். ‘கென்’ என்றால் தெரியும், ‘வீ’ என்றால் சின்ன, ‘அய்’ என்றால் ஓம். இந்த மூன்றும் பழகிவிட்டால் மற்றவை இடத்தைப் பார்த்து விளங்கும். பொலிஸ் பதவிகளின் சுருக்கெழுத்துகள் அடுத்தது. ‘டிசி’ சாதாரண துப்பறியும் கொன்ஸ்டபிள், ‘டிஎஸ்’ சார்ஜன்ட், ‘டிஐ’ இன்ஸ்பெக்டர், ‘டிசிஐ’ தலைமை இன்ஸ்பெக்டர். ஒரு துண்டுக் கடதாசியில் கஃபர்ட்டியின் ஆட்கள் ஒரு பக்கம், டெல்ஃபோர்டின் ஆட்கள் மறுபக்கம் என்று பெயர்களை எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டால் நடுப்பகுதியில் திணற வேண்டியதில்லை. முன்னும் பின்னும் போகும் நினைவுக் காட்சிகளில் சமி சிறுபிள்ளையாக இருப்பாள். வயதைப் பார்த்துத்தான் காலத்தைப் பிடிக்க வேண்டும், தலைப்பில் ஆண்டு போடப்பட்டிருக்காது.

ரீபஸை முன்பின் தெரியாதவர்கள் நேரே இதிலேயே இறங்கலாம், கதை விளங்கும். ஆனால் சமிக்கும் தகப்பனுக்கும் இடையிலுள்ள பழைய காயம், ஜாக் மோர்ட்டனோடு உள்ள நட்பின் ஆழம், இராணுவக் காலம் எல்லாம் 1987 இல் வந்த முதல் நாவலான ‘நொட்ஸ் அண்ட் குரொஸஸ்’ இல் இருக்கின்றன. அது சின்னப் புத்தகம், இரண்டு மூன்று இரவில் முடியும். அதை முடித்துவிட்டு இதற்கு வந்தால் ஆஸ்பத்திரிக் காட்சிகள் இரட்டிப்பாய்த் தைக்கும். உயர்தரத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால், கட்டாய விபசாரம் பற்றிய பகுதிகள் இருப்பதைப் பெரியவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொண்டு கொடுக்கட்டும். சட்டம் படிக்கிறவர்கள் லின்ட்ஸ் வரும் அத்தியாயங்களைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25, 27, 134 ஆம் பிரிவுகளைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு வாசிக்கலாம். விரிவுரையில் வரட்டுச் சொற்களாய்க் கிடக்கும் பிரிவுகள் ஒரு மனிதனின் மேசையில் எப்படிக் கனக்கின்றன என்று அங்கே தெரியும்.